மாற்ற முடியாத பதிவு, ஆனால் எதைப் பதிந்தது?

"பிளாக்செயினில் ஏறிய வாக்கை யாராலும் மாற்ற முடியாது, அதனால் மோசடிக்கே இடமில்லை, சியரா லியோன் 2018இல் செய்தே காட்டிவிட்டது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பிளாக்செயின் என்பது பதிவுகளை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோர்த்து, பல கணினிகளில் நகலெடுத்து வைக்கும் பதிவேடு; ஏறியதை மாற்றுவது மிகக் கடினம். அதனால் முதல் பாதி ஓரளவு சரி. மீதி சரியில்லை.

சியரா லியோனில் நடந்தது வழக்கமான காகிதச் சீட்டுத் தேர்தல்தான். அகோரா என்ற நிறுவனம் சில வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையைத் தனியாகத் தன் பிளாக்செயினில் பதிந்து பார்த்தது, அவ்வளவே. தேர்தலில் பிளாக்செயினைப் பயன்படுத்தவில்லை என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையமே மறுப்பு வெளியிட்டது.

அடுத்தது, வாக்கு சங்கிலிக்குள் போவதற்கு முன்னால் என்ன ஆகிறது என்பது. போனில் வாக்களிக்கும்போது நீங்கள் அ என்ற வேட்பாளரை அழுத்துகிறீர்கள்; போனில் புகுந்த தீநிரல் (வைரஸ் போன்ற கெட்ட மென்பொருள்) ஆ என்று அனுப்புகிறது. பிளாக்செயின் அந்த ஆ-வைத்தான் பத்திரமாக, யாரும் அழிக்க முடியாதபடி வைத்துக்கொள்ளும்! ரகசிய வாக்கு என்பதால் வங்கிக் கணக்கைப் போல அப்புறம் சரிபார்த்துத் திருத்தவும் வழியில்லை. காகிதச் சீட்டு இருந்தால் மறுபடி எண்ணலாம்.

மாஸ்கோ 2019இல் பிளாக்செயின் வாக்குப்பதிவைக் கொண்டுவந்தபோது, தேர்தலுக்கு முந்தைய மாதமே பியரிக் கோட்ரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதன் குறியாக்கத்தை, அதாவது வாக்கை மறைத்து வைக்கும் பூட்டை, சாதாரணக் கணினியில் சுமார் 20 நிமிடத்தில் உடைக்கலாம் என்று காட்டினார். சாவியின் நீளம் வெறும் 256 பிட்; அந்த வகைக் குறியாக்கத்துக்கு அது மிகக் குறைவு. சங்கிலியில் குறையில்லை, பூட்டில்தான் ஓட்டை. பிறகு சாவியை நீளமாக்கினார்கள். முடிவுகளை வெளிப்படையாகப் பதிந்துவைக்க பிளாக்செயின் உதவலாம். அதற்கும், யாராவது மாற்றினால் காட்டிக்கொடுக்கும் டிஜிட்டல் கையொப்பமிட்ட சாதாரணப் பொதுப் பதிவேடே போதும்.