செட்டிநாட்டில் அறை எடுக்கும் முன்

பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக மாற்றிவிட்டால் அமைதி தானாக வந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். விளம்பரப் படங்களும் அப்படித்தான் இருக்கின்றன. ஆள் அரவமே இல்லாத வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு), பர்மா தேக்குத் தூண்கள், ஓர் ஊஞ்சல், ஓரத்தில் பித்தளைக் குடம். படத்தில் சத்தம் விழாது, அவ்வளவுதான்.

இந்த வீடுகள் ஓய்வெடுப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. கல்யாணத்துக்குக் கட்டியவை. ஊரே வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போக, சீர் பரப்பி வைக்க, முகப்பில் இருந்து ஒருவர் குரல் கொடுத்தால் இரண்டாங்கட்டில் இருப்பவருக்குக் காதில் விழக் கட்டியவை. சுவர் முழுக்க முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, தரையில் ஆத்தங்குடிக் கல்லோ இத்தாலிப் பளிங்கோ, தலைக்கு மேல் உயரமான கூரை. எல்லாமே வழவழப்பு, எல்லாமே கெட்டி. சத்தத்தை உறிஞ்ச ஒரு பொருள் கிடையாது. வளவின் ஒரு மூலையில் கரண்டி விழுந்தால் சுற்றியிருக்கிற அத்தனை அறைக்கும் கேட்கும்.

அந்த அறைகளும் படுப்பதற்கென்று இருந்தவை இல்லை. வளவைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அறையும் கல்யாணமான ஒரு பிள்ளையின் குடும்பத்துக்கு. சாமான் செட்டு, சீர்ப் பாத்திரம், பெட்டி எல்லாம் உள்ளே இருக்கும். ஆண்கள் பெரும்பாலும் பட்டாலை என்கிற கூடத்திலும் திண்ணையிலும் காற்றாடப் பாயை விரித்துவிடுவார்கள். இப்போது அதே அறைக்குள் இரட்டைக் கட்டிலும் ஏசியும் போட்டு, இரட்டைக் கதவின் நாதாங்கியை மட்டும் ‘பாரம்பரியம்’ என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்து அறைக்காரர் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே வந்தால் போதும். இரும்பு நாதாங்கி விழுகிற ‘டங்’ நம் தலைமாட்டில்தான் கேட்கும்.

எங்கள் ஐயா கட்டிய வீடும் இப்படித்தான். எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் திறப்போம். மற்றபடி கோயில் காரியம், கல்யாணம் என்று போனால் சொந்த ஊர்ப்பக்கத்திலேயே வாடகைக்கு அறை எடுத்துத்தான் தங்குகிறோம். என்னைப் போல நிறைய பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

முதலாவது, நல்ல வாடகை வாங்குகிற ஓர் இடம். பெயர் வேண்டாம். முன்பதிவு செய்தபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் போய் இறங்கினால் பின்பக்கப் புல்வெளியில் பந்தல், நாற்காலி, ஆளுயர ஸ்பீக்கர். சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பத்தின் நிச்சயதார்த்தமாம். சரி, சுப காரியம், பத்து மணிக்கு முடித்துவிடுவார்கள் என்று இருந்தோம். பாட்டு நின்றது பதினொன்றரைக்கு. அதற்குப் பிறகுதான் பாத்திரம். அண்டாவைத் தூக்க ஆள் இல்லாமல் கல்தரையில் இழுத்துக்கொண்டே போகிறார்கள், ஒன்றன்பின் ஒன்றாக. இண்டர்காமை எடுத்து ரிசப்ஷனுக்கு அடித்தேன். எங்கள் அறைக் கதவுக்கு வெளியே, வளவில், அந்த ரிசப்ஷன் போன் மணி அடிப்பது எனக்கே கேட்கிறது. எடுக்க ஆள் இல்லை. நானே அடித்து நானே கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தால் இருபது வயதுப் பையன் ஒருவன், ஈரக் கையோடு ஓடி வருகிறான். “அண்ணே, நான் ஒருத்தன்தாண்ணே இருக்கேன். ஜெனரேட்டர், ரூம், பந்தி எல்லாம் நாந்தான். மேனேஜர் வீட்டுக்குப் போயிட்டாக.” அவனிடம் என்ன கோபப்படுவது? இரண்டு டவல் கேட்டிருந்தோம், அதையும் அப்போதுதான் கொண்டுவந்தான். “ஆச்சி, சுடுதண்ணி காலைல ஆறரைக்கு மேலதான் வரும், கோவிச்சுக்கிடாதீக” என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனான். காலையில் பில் வந்தது, சேவைக் கட்டணம் பத்து சதவீதம் என்று தனி வரியோடு.

அந்த வரியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியவில்லை. ஓட்டலோ உணவகமோ சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல், உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாம் விரும்பிக் கொடுத்தால் கொடுக்கலாம். எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும். முரண்டு பிடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஜி.எஸ்.டி. வேறு, அது கட்டத்தான் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. பழைய 12 சதவீதத்தைப் போட்டு யாராவது பில் நீட்டினால் கேளுங்கள். அன்றைக்கு நான் அந்தப் பத்து சதவீதத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தைப் பையன் கையிலேயே கொடுத்தேன். மேனேஜர் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

இரண்டாவது, கானாடுகாத்தான் பக்கம் ஒரு சின்ன இடம். அரண்மனையும் இல்லை, நீச்சல் குளமும் இல்லை. போன் எடுத்தவர் வயதானவர். தேதியைச் சொன்னதும், “அன்னைக்கு வேணாமுங்க. பக்கத்துத் தெருவுல காதுகுத்து. மைக் செட் போடுவாக, விடியக்காலம் நாலரைக்கே பாட்டு ஆரம்பிச்சிரும். மறுநாள் வாங்களேன், ஊரே அமைதியா இருக்கும்” என்றார். வாடகை போனாலும் பரவாயில்லை என்று வருகிறவரை ஒரு நாள் தள்ளி வரச் சொல்கிற மனிதர். மறுநாள் போனோம். டிவி ஓடவில்லை, ஏசியில் இருந்து தண்ணீர் சொட்டியது, கீழே ஒரு வாளி வைத்துவிட்டுப் போனார்கள். நன்றாகத் தூங்கினோம்.

வசதிக் குறைவும் அலட்சியமும் ஒன்றல்ல என்பதுதான் என் கட்சி. முதல் இடத்தில் எல்லா வசதியும் இருந்தது. பந்தல் போட்டிருக்கிறோம் என்று நமக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. விடுதிக்காரர்கள் கல்யாணத்துக்கு இடம் விடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீடுகள் கூரையோடு நிற்பதே அந்த வருமானத்தால்தான். அன்றைக்கு அறை கேட்பவரிடம் அதைச் சொல்லிவிட்டு அறையைக் கொடுக்கட்டும். குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஊரின் சத்தம் வேறு. அதோடு சண்டை போடப் போகக் கூடாது. மாசி பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும்போது, பால்குடம் எடுக்க ஊரே தெருவில் நிற்கும்போது, அந்த வட்டாரத்தில் அறை எடுத்துவிட்டு ‘தூக்கம் கெட்டது’ என்று எழுதுவதில் நியாயம் இல்லை. தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடிப் பக்கம் பழனி பாதயாத்திரைக் கூட்டம். பொங்கல் முடிந்ததும் சிராவயல் மஞ்சுவிரட்டு. பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டிப் பத்து நாள் பிள்ளையார்பட்டி. இந்த நாட்களில் கூட்டத்தைப் பார்க்கத்தான் வர வேண்டும், ஓய்வுக்கு அல்ல. வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களும் அப்படித்தான். அறை எடுக்கும் முன் காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்துவிடுங்கள். ஆன்லைன் படங்களைவிட அந்தத் தினசரி காலண்டர் நிறையச் சொல்லும்.

ஒரு விடுதியில் வெளியூர் விருந்தினர் ஒருவர், விடியற்காலையில் மயில் அகவுகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று புகார் கொடுத்தாராம். அங்கே வேலை பார்க்கும் அம்மா சொன்னார். “முருகன்ட்டதான் சொல்லணும்” என்று பதில் சொன்னாராம். குன்றக்குடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்து மயிலைக் குறை சொன்னால் வேறு என்ன பதில் கிடைக்கும்?

விடுதியே போடுகிற சத்தத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் விலக்கு உண்டு. புல்வெளிப் பந்தல் மூடிய மண்டபம் ஆகாது. குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. திருவிழா நாட்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்வு கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. இதையெல்லாம் ரிசப்ஷனில் நின்று ஒப்பிக்கச் சொல்லவில்லை. “பத்து மணி ஆச்சு, நிறுத்தச் சொல்றீங்களா, நான் 100-க்குப் போன் போடட்டுமா” என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

அறை கேட்கும்போது எந்த அறை என்று கேளுங்கள். எல்லாரும் வளவைப் பார்த்த அறையைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். படம் எடுக்க அதைவிட அழகான இடம் கிடையாது, தூங்க அதைவிட மோசமான இடமும் கிடையாது. சரி, பின்கட்டுக்குப் போகலாம் என்றால் அங்கே அடுப்படி. ஐந்து மணிக்கே கிரைண்டர், தேங்காய் உடைப்பு, பால்காரர் வண்டி. முகப்புப் பக்கம் தெரு. ஆனால் இந்த ஊர்களின் தெருக்கள் அகலம், பல வீடுகள் பூட்டிக் கிடப்பவை, பஸ் போகாத தெருவாக இருந்தால் முகப்பு மாடி அறைதான் என் ஓட்டு. தலைக்கு மேல் ஆள் நடமாட்டமும் இருக்காது. பழைய வீட்டை ஒட்டிப் பக்கவாட்டுத் தோட்டத்தில் புதிதாக அறை கட்டியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பார்க்கச் சுமாராக இருக்கும். கதவு நன்றாக மூடும்.

ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்பதை வெட்கப்படாமல் கேளுங்கள். சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் அந்தக் கேள்வியின் அருமை தெரியும். காரைக்குடி ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகளில் தங்குவதாக இருந்தால் இன்னொன்று: விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடிக்கிற கூட்டம் அங்கேதான் தங்கும். நாலு மணிக்கே அலாரம், பெட்டி உருட்டு, “ஏய், சார்ஜரை எடுத்தியா”. நீங்களும் பல்லவனுக்குத்தான் போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல லாட்ஜ் கிடையாது.

சாப்பாட்டில் தாமதத்தைப் பற்றிக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மதியச் சாப்பாடு வேண்டுமா, எத்தனை பேர், சைவமா அசைவமா என்று காலையிலேயே கேட்டுவிட்டுத்தான் உலை வைப்பார்கள். ஒரு மணிக்கு உட்கார்ந்துகொண்டு மெனு கார்டு கேட்டால் தாமதம் ஆகத்தான் செய்யும். முந்தின ராத்திரியே சொல்லிவைத்தால் காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் சூடாக வரும், கேட்காமலே கும்மாயம் என்கிற இனிப்பும் ஒரு கிண்ணம் வரும். அவசரப்படுத்தி வாங்கிச் சாப்பிட்ட செட்டிநாட்டுச் சாப்பாடு எதுவும் நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

உண்மையான அமைதி இங்கே மதியம்தான். ஒன்றரை மணியில் இருந்து நாலு மணி வரை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் தெருக்களில் அந்த நேரம் நாய்கூட நிழலை விட்டு நகராது. அரண்மனை பார்க்க வந்த வேன்கள் சாப்பிடப் போயிருக்கும். பட்டாலைக் கல்தரை குளுகுளுவென்று இருக்கும், ஏசி தேவையே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் ஆத்தங்குடிக் கல் போடுகிற இடத்துக்கும் பழைய சாமான் கடைத் தெருவுக்கும் வெயிலில் அலைகிறார்கள். ராத்திரி வந்து தூக்கம் இல்லை என்கிறார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தைப் பாயில் கழித்துவிட்டால் ராத்திரி மைக் செட் பாதிதான் உறுத்தும். ஐப்பசி கார்த்திகையில் போனீர்கள் என்றால் சில நாள் மழையும் கிடைக்கும். நாலு பக்கத் தாழ்வாரத்துத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டுகிற சத்தம் ஒன்றும் சின்னது இல்லை, பக்கத்தில் பேசுவதே கேட்காது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

விடுதி நடத்துகிற உறவுக்காரர்கள் சிலரும் இதைப் படிப்பீர்கள். 2014-இலேயே செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது என்று விளம்பரத்தில் போடுகிறீர்கள், நல்லது. நாதாங்கி விழுகிற இடத்தில் ஒரு துண்டுத் தோல் ஒட்டுங்கள். அண்டாவுக்கு அடியில் ஒரு சாக்கு போடுங்கள், அல்லது காலையில் கழுவச் சொல்லுங்கள். ராத்திரிக்கு இரண்டாவதாக ஓர் ஆளைப் போடுங்கள், ஒரே பையனை விடிய விடிய ஓட விடாதீர்கள். விசேஷம் இருக்கிற தேதியை முன்பதிவு செய்பவரிடம் சொல்லுங்கள். நாலில் எதற்கும் பெரிய செலவு கிடையாது, அந்த இரண்டாவது ஆளின் சம்பளத்தைத் தவிர.

வர்ற தையில் எங்களுக்கு ஒரு சஷ்டியப்தபூர்த்தி இருக்கிறது. மேலே சொன்ன பெரியவர் இடத்துக்கே போன் போட்டேன். “அன்னைக்கு நம்ம வீட்டுலயே விசேஷமுங்க, ஐநூறு எல” என்றார். வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேவகோட்டைப் பக்கம், பஸ் போகாத தெருவில், முகப்பு மாடி அறை உள்ள இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஏசி சொட்டினாலும் பரவாயில்லை, வாளி கொடுத்தால் போதும்.