ஸ்கேனில் ஏடிஎச்டி தெரியாது
பெரியப்பா அனுப்பிய வாட்ஸ்அப் ஃபார்வர்டில், மூளை ஸ்கேன் எடுத்தால் பெரியவர்களின் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) ஒரே நாளில் தெரிந்துவிடும் என்று இருக்கிறது. தவறு. அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. மனநல மருத்துவர் உட்காரவைத்து, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, ஆபீஸ் என இரண்டு இடத்திலாவது தொல்லை தருகிறதா என்று துருவித் துருவிக் கேட்டுத்தான் முடிவுக்கு வருவார். என்னிடம் பழைய ரேங்க் கார்டைக் கேட்டார், பரணில் தேடி எடுத்தால் நாலாம் வகுப்பிலேயே "கவனம் போதாது" என்று சிவப்பு மையில்! அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. தூக்கக் குறைவு, மனப்பதற்றம், தைராய்டு எல்லாமும் இதே மாதிரி காட்டும், அதனால் தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னால் குழம்ப வேண்டாம். அப்புறம், ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம், முதலில் பேச மட்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்.