ஓட்டு எண்ணும் ராத்திரியில் யார் இருக்கிறார்கள்?

தேர்தல் பார்வையாளர் என்று போகிறவர்களில் பலர் காலையில் வரிசையைப் பார்ப்பார்கள், நாலு பேரிடம் பேசுவார்கள், சாயங்காலம் ஓட்டல் அறைக்குத் திரும்பி "அமைதியாக நடந்தது" என்று அறிக்கை எழுதுவார்கள். எனக்கு இதில் கடும் கோபம் உண்டு. ஓட்டு போடுவது பகலில் எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது, அதில் கை வைப்பது கஷ்டம். கை வைக்கிற வேலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2022 ஆகஸ்ட் 9, கென்ய அதிபர் தேர்தல். நக்குரு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு சிறு பார்வையாளர் குழுவோடு இருந்தேன். அந்த ஊரில் ஓட்டை வேறெங்கும் கொண்டுபோய் எண்ணுவதில்லை, போட்ட அறையிலேயே எண்ணுகிறார்கள். அன்று ஆறு பதவிகளுக்குத் தேர்தல், அதனால் ஆளுக்கு ஆறு ஓட்டு, ஆறு பெட்டி. அதிபர் பெட்டியைத்தான் முதலில் திறந்தார்கள். குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் கவிழ்த்தார்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஒரு இளம்பெண். ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பிரித்து, பெயரைச் சத்தமாகப் படித்து, எல்லா வேட்பாளர்களின் ஏஜென்டும் பார்க்கிற மாதிரி தூக்கிக் காட்டினார். முக்கியப் போட்டி வில்லியம் ரூட்டோவுக்கும் ரைலா ஒடிங்காவுக்கும்தான். ரூட்டோ, ரூட்டோ, ரைலா, ரூட்டோ. ஏஜென்டுகள் நோட்டில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே வந்தார்கள்.

நடுவில் ஒரு சீட்டு வந்தது. பேனாக் குறி இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தார்கள், வாக்குவாதம் முற்றியது, ஒரு ஏஜென்ட் எழுந்தே நின்றுவிட்டார். அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. சீட்டை மறுபடி ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராகக் காட்டினார், கடைசியில் எல்லாரும் சேர்ந்தே செல்லாத ஓட்டு என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு ஓட்டு! அதற்கு அவ்வளவு நேரம் கொடுத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

எண்ணி முடித்ததும் 34ஏ என்ற படிவத்தில் எழுதி, ஏஜென்டுகள் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வாங்கி, ஒன்றை அறைக் கதவில் ஒட்டிவிடுகிறார்கள். அதன் படம் அங்கிருந்தே தேர்தல் ஆணையத்துக்குப் போகிறது. இப்படி நாடு முழுக்க 46,229 வாக்குச்சாவடிகள்.

இந்தக் காகிதத்தின் அருமை தெரிய வேண்டுமானால் கென்யாவின் 2007 அதிபர் தேர்தலை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் சாவடியில் எண்ணத்தான் செய்தார்கள், ஆனால் கூட்டல் மேலே போகப் போக எண்கள் கலங்கிப்போய், உண்மையில் யார் ஜெயித்தார் என்று சொல்லவே முடியாது என்று விசாரணைக் குழுவே சொல்லிவிட்டது. அதற்குள் தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 2017 அதிபர் தேர்தலில், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி தலைமையில் வந்த கார்ட்டர் சென்டர் என்ற அமெரிக்க அமைப்பின் குழு உட்பட வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இரண்டே நாளில் பாராட்டு தெரிவித்தார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி, டேவிட் மராகா தலைமையிலான உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. முக்கியக் காரணம் முடிவுகளை மேலே அனுப்பிய விதம். பார்வையாளர்கள் வரிசையைப் பார்த்தார்கள், நீதிபதிகள் படிவத்தைக் கேட்டார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்.

2022இல் ஆணையம் 34ஏ படங்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டது. இது பெரிய காரியம். டிவி சேனல்கள் ஆளுக்கொரு வரிசையில் கூட்டியதால் ஒன்றில் ரூட்டோ முன்னிலை, இன்னொன்றில் ரைலா முன்னிலை என்று ஜனங்கள் குழம்பினார்கள், நிஜம். ஆகஸ்ட் 15இல் ரூட்டோ 50.49 சதவீதம், ரைலா 48.85 என்று அறிவித்தபோது ஏழு ஆணையர்களில் நாலு பேர் முடிவை ஏற்க மறுத்தார்கள், அதுவும் நிஜம். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் இந்த முறை ஒப்பிட்டுப் பார்க்கக் காகிதம் இருந்தது. இணையத்தில் இருந்த படிவமும் கையில் இருந்த படிவமும் பொருந்தின, செப்டம்பர் 5இல் நீதிபதிகள் ஒருமனதாக முடிவை உறுதி செய்தார்கள். சுமார் 2,33,000 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த தேர்தல் அது, கொஞ்சம் பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் பார்வையாளர் குழு அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆட்களைக் காலையில் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, ராத்திரிக்கு அனுப்புங்கள். கதவில் காகிதம் ஒட்டுகிற வரைக்கும் அவர்கள் அங்கேயே இருக்கட்டும்.

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போனேன். ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர் கதவில் இருந்த எண்களைச் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பையன் போனில் அதே சாவடியின் படிவத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னான். பெரியவர் தன் அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.