வண்டிதான் பழையது, உள்ளே இருப்பது என் அம்மா

பாடாலூரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். வேகம் எண்பது. இடப்பக்கம் சிமென்ட் லாரி, பின்னால் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓர் ஆம்னி பஸ். அந்த நேரத்தில் என் காரின் எஞ்சின் நின்றுபோனது. திணறவில்லை, குலுங்கவில்லை, சட்டென்று நின்றது. ஸ்டீயரிங் இறுகியது. இரண்டு முறை மிதித்ததும் பிரேக்கும் கல்லாகிவிட்டது. எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணைவிசை கிடைக்கும். பின் இருக்கையில் எழுபத்திரண்டு வயது அம்மா, மடியில் வளைகாப்புக்கு வாங்கிய வளையல் பெட்டி. லாரி ஓட்டுநர் நிலைமையைப் புரிந்துகொண்டு ஒதுங்கி வழிவிட்டதால்தான் சாலையோர மண்ணில் வண்டியை இறக்க முடிந்தது. அந்த மனிதருக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

பெரம்பலூரிலிருந்து வந்த மெக்கானிக் பெட்ரோல் டேங்க்கின் அடியில் நாலு தட்டுத் தட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. பிறகு சர்வ சாதாரணமாகக் கேட்டார்: "இந்த மாடலுக்குக் கம்பெனியே பம்பை இலவசமாக மாற்றிக் கொடுக்கிறதே, உங்களுக்குத் தெரியாதா அண்ணா?"

தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று இரவு நிறுவனத்தின் இணையதளத்தில் என் வண்டியின் பதினேழு இலக்க சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பழுதான பாகத்தை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் 'ரீகால்' பட்டியலில் இருக்கிறது. 2021-லேயே அறிவித்திருக்கிறார்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்பில் சிறிய பிளாஸ்டிக் சக்கரம் ஒன்று சுழல்கிறது. அது பெட்ரோலில் ஊறி உப்பும், கூட்டில் உரசும், ஒரு நாள் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடும். இவ்வளவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பல வருடங்களாக அந்தப் பம்பின் மேல் என் குடும்பத்தை உட்காரவைத்து நான் ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வண்டி 2015-இல் தயாரானது. 2019-இல் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். அவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். ஏதோ ஒரு குறுஞ்செய்தி வந்ததாம், விளம்பரம் என்று அழித்துவிட்டாராம். கடிதம் போயிருந்தாலும் அவர் 2018-லேயே காலி செய்த வாடகை வீட்டுக்குத்தான் போயிருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்றுவிட்ட வண்டிக்கு அவர் ஏன் காவல் காக்க வேண்டும்?

ஆனால் 2019-லேயே ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டதே! படிவம் 29, படிவம் 30 எல்லாம் கொடுத்து, கட்டணம் கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கால் கடுக்க நின்று மாற்றினேன். அரசின் கணினியில் என் பெயர், முகவரி, கைபேசி எண் மூன்றும் இருக்கின்றன. சிக்னலில் கோட்டை ஒரு முழம் தாண்டினால் அபராதச் செய்தி அன்றைக்கே என்னைத் தேடி வருகிறது. காப்பீடு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஐந்து பேர் அழைக்கிறார்கள். அபராதம் வாங்குவதற்குக் கண்டுபிடிக்க முடிந்த என்னை, உயிர் போகும் பழுதைச் சொல்வதற்கு மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லையா?

சரி, தெரிந்துவிட்டதே, போய் மாற்றிக்கொள்வோம் என்று திருச்சியில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பம்ப் இருப்பில் இல்லை, வந்ததும் அழைக்கிறோம் என்றார்கள். மூன்று வாரம் காத்திருந்தேன், ஓர் அழைப்பும் இல்லை. இரண்டாம் முறை நானே போனேன். வேறொரு ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்கள் வண்டி நான்கு வருடமாக இங்கே சர்வீஸுக்கு வரவில்லை. முதலில் ஜெனரல் சர்வீஸ் செய்துவிடுங்கள், அப்புறம் பம்பைப் பார்க்கலாம்" என்று 9,400 ரூபாய்க்கு மதிப்பீட்டை நீட்டினார். ஆயிலை எங்கே மாற்றினேன் என்பதற்கும் தொழிற்சாலையிலேயே தவறாக வார்த்த பிளாஸ்டிக் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்பதுதான் பதில்.

மூன்றாம் முறைதான் வயிறு எரிந்தது. "ஏழு வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ரீகால் பொருந்தாது சார், அரசு விதியே அப்படித்தான்" என்றார்கள்.

நான் போய் அந்த விதியைத் தேடிப் படித்தேன். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பழுதான வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு அப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால், 2012 முதல், வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக வைத்துக்கொண்ட நடைமுறை மட்டுமே இருந்தது. திருத்தத்துக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அதே விதியில்தான் ஏழு ஆண்டு வரம்பும் இருக்கிறது.

என் வண்டி அந்த வரம்பைத் தாண்டியது யாரால்? அறிவிப்பு வந்த 2021-இல் அதற்கு ஆறு வயது. அன்றைக்கே எனக்குச் சொல்லியிருந்தால் அந்த வாரமே கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். எனக்குச் சொல்லாமல் வருடங்களை ஓடவிட்டு, அந்த வருடங்களையே காரணம் காட்டிக் கதவைச் சாத்துகிறார்கள். அதுவும் இது அரசு உத்தரவிட்டுச் செய்வதல்ல, நிறுவனம் தானே முன்வந்து அறிவித்தது. அவர்கள் தளத்தில் இன்றைக்கும் என் சேசிஸ் எண்ணைப் போட்டால் இலவச மாற்றம் உண்டு என்றே வருகிறது. நிறுவனம் தருகிறேன் என்பதைத் தரமாட்டேன் என்று சொல்ல இந்த மேசைக்காரர் யார்?

அந்த ஏழு ஆண்டுக் கணக்கே எனக்கு விளங்கவில்லை. ஜப்பானிய நிறுவனமான டகாட்டாவின் ஏர்பேக் விவகாரத்தில் உலகமே பார்த்தது என்ன? பையை உப்பவைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் அம்மோனியம் நைட்ரேட் போட்டிருந்தார்கள். வெயிலும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் பட்டுப் பட்டு அந்த வெடிமருந்து கெட்டுப்போகும். பிறகு ஒரு சின்ன மோதலில்கூட உலோகக் கூடு வெடித்துச் சிதறி, காப்பாற்ற வேண்டிய பையே ஓட்டுபவரின் கழுத்தில் இரும்புத் துண்டுகளைப் பாய்ச்சும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. டகாட்டா நிறுவனம் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது, அதே ஆண்டு திவாலும் ஆனது. அங்கே புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களின் வண்டிகளுக்கு முதலிடம் கொடுத்து மாற்றினார்கள், ஏனென்றால் அங்கேதான் ஆபத்து அதிகம். வண்டி பழசாகப் பழசாக ஆபத்தும் கூடியது. வயது ஏறினால் கூடும் ஆபத்துக்கு வயதைக் காட்டி வரம்பு போட்டால், மிக அதிகமாகப் பாதுகாப்பு வேண்டியவர்களை வெளியே தள்ளுகிறோம் என்றுதானே பொருள்? சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றிலும் வெயிலிலும் நிற்கிற பழைய வண்டிகளை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலும் இலவசப் பழுதுநீக்கத்துக்கு வரம்பு உண்டு. ஆனால் அது 15 ஆண்டு. அங்கே யார் வேண்டுமானாலும் அரசுத் தளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு, பெரிய நிறுவனம் எதனுடைய வண்டியானாலும் பாக்கியிருக்கும் ரீகாலைப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் பழைய வண்டியை வாங்குவது யார்? புதிதாய் வாங்க வசதியில்லாதவர்கள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த வருடம் மூன்று லட்சத்துக்கு ஒரு காரைத் தேடுகிறவர்கள். பெயர் மாற்றும்போது எங்களிடம் காப்பீடு கேட்கிறார்கள், புகைச் சான்று கேட்கிறார்கள். இந்த வண்டிக்குத் திரும்பப் பெறும் பழுது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஒரே ஒரு வரி அந்தப் படிவத்தில் இருந்தால் என்ன? செய்தித்தாள்கள் "கார்களைத் திரும்பப் பெறுகிறது" என்று எழுதுவதால், வண்டியையே பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து பேசாமல் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் இருந்தார். ஒரு பாகத்தைக் காசு வாங்காமல் மாற்றித் தருவார்கள், வண்டி உங்களுடையதுதான் என்று உட்காரவைத்து விளக்கினேன். அவர் வண்டியின் எண்ணையும் போட்டுப் பார்த்தோம், அதிலும் ஒரு பழுது பாக்கி.

நீங்களும் பழைய வண்டி வைத்திருந்தால் ஆர்.சி.யை எடுத்து, அந்தப் பதினேழு இலக்கத்தை இன்றைக்கே நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். வாயால் சொல்லும் பதிலை நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். நான் மூன்றாம் முறை வெறுங்கையோடு திரும்பிய அன்றே, நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தேதி வாரியாக எல்லாவற்றையும் எழுதினேன். ஏன் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள், அதை நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்று முடித்தேன். நான்கே நாளில் அதே சர்வீஸ் சென்டரிலிருந்து அழைப்பு வந்தது. பம்ப் வந்துவிட்டதாம். ஏழு ஆண்டு விதியைப் பற்றி இப்போது பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது, அம்மா பஸ்ஸில் போகிறார். செய்யப்போகும் வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டில் சேசிஸ் எண்ணும், மாற்றப்போகும் பாகத்தின் பெயரும், கட்டணம் இல்லை என்பதும் எழுதிக் கையெழுத்தாகும்வரை சாவியை என் கையிலிருந்து விடமாட்டேன்.