எட்டாவது ஆள்

(ஆபீஸ். நிர்வாகி மாணிக்கம் ஒரு கத்தை பிரிண்ட்-அவுட்டோடு வருகிறார். கணினிப் பிரிவு கவிதா எதிரே.)

மாணிக்கம்: கவிதா, நம்ம வெப்சைட்டுக்கு சாஃப்ட்வேர் முடிவு பண்ணிட்டேன். இருக்கறதுலேயே நிறைய பட்டன் இருக்கறதை எடுத்துக்கலாம்.

கவிதா: அண்ணே, பட்டனை எண்ணுறதுக்கு முன்னாடி ஆளை எண்ணுவோம். சைட்டைத் திருத்தப் போறது யார் யாரு?

மாணிக்கம்: எட்டு பேரு.

கவிதா: அதுல எச்டிஎம்எல், அதான் வெப் பக்கம் எழுதற குறிமொழி, தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. அஞ்சு பேருக்கு வேர்டு நல்லா வரும். எட்டாவது ஆள் தலைப்பை நடுவுல கொண்டு வர ஸ்பேஸ்பாரை நாப்பது தடவை தட்டுறவரு.

மாணிக்கம்: யாரும்மா அந்த மகானுபாவன்?

கவிதா: உங்க மேஜையிலதான் உக்காந்திருக்காரு.

மாணிக்கம்: (காகிதத்தைப் புரட்டி) சரி சரி. வெப் பக்கம் வடிவமைக்கிற ட்ரீம்வீவர் எப்படி? 1997-லேருந்து இருக்காமே.

கவிதா: தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கையில அருமையான சாமான். எட்டு பேர் கையில வில்லங்கம். நீங்க காலைல பத்து மணிக்கு ஒரு ஃபைலை உங்க கம்ப்யூட்டர்ல இறக்குறீங்க. பதினொண்ணுக்கு பத்மா அதே ஃபைலை இறக்கித் திருத்தி ஏத்திடுறாங்க. சாயங்காலம் நீங்க உங்க பழைய காப்பியை ஏத்துறீங்க. பத்மா செஞ்சது அவ்வளவும் போச்சு.

மாணிக்கம்: அதுக்குப் பூட்டு இருக்காமே, செக்-அவுட்னு?

கவிதா: இருக்கு. ஒருத்தர் எடுத்த ஃபைல் பக்கத்துல, "இது இவர் கையில"ன்னு ஒரு எல்சிகே ஃபைலைப் போட்டு வைக்கும். ஆனா எட்டு பேரும் அந்த வசதியை ஆன் பண்ணியிருக்கணும். ஒருத்தர் விட்டாலும் பூட்டு வெறும் பொம்மை. இன்னொண்ணு, செக்-அவுட் பண்ணிட்டு நீங்க பாட்டுக்கு ஒரு வாரம் லீவுல போயிட்டா?

மாணிக்கம்: சாவி என் பாக்கெட்ல! (ரசித்துச் சிரித்து) சரி, இந்த மார்க்டவுன், கிட்? நம்ம பசங்க ரெண்டு பேரும் அதைத்தான் சொல்றாங்க.

கவிதா: சின்னச் சின்னக் குறி போட்டு வெறும் எழுத்தா அடிக்கிறது மார்க்டவுன், யார் என்ன மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிறது கிட். அந்த ரெண்டு பேருக்கும் சொர்க்கம். பக்கம் வேகமா திறக்கும், டேட்டாபேஸே வேண்டாம். மத்த ஆறு பேர் ஒரு ஃபோன் நம்பரை மாத்த, பதிய கமிட், அனுப்ப புஷ், அப்புறம் ரெண்டு பேர் திருத்தம் மோதினா மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்...

மாணிக்கம்: கான்ஃப்ளிக்ட் நம்ம ஆபீஸ்ல ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்மா.

கவிதா: அதனாலதான் பிரவுசர்லயே திருத்துற சிஎம்எஸ், அதாவது உள்ளடக்க மேலாண்மை சாஃப்ட்வேர். ஒருத்தர் ஒரு பக்கத்தைத் திறந்திருந்தா அடுத்தவர் திறக்கும்போதே "இவர் திருத்திட்டிருக்காரு"ன்னு சொல்லிடும். சோதனைக்கு அந்த வகையில வேர்ட்பிரஸ் போட்டு வச்சிருக்கேன்ல...

மாணிக்கம்: அதைச் சொல்லு! அந்தச் சோதனை சைட்ல எவனோ முகப்புப் பக்கத்துல செக்கச்செவேல்னு பெரிய எழுத்துல "முக்கிய அறிவிப்பு"ன்னு போட்டு வச்சிருக்கான். கண்ணு கூசுது. எல்லாருக்கும் அட்மின் உரிமை குடுத்தது உன் தப்பு.

கவிதா: நீங்கதான் "பாரபட்சம் வேண்டாம்"னீங்க. இப்ப ரோல், அதாவது யாருக்கு என்ன உரிமைன்னு, பிரிக்கணும். இதுலதான் பல பேர் வழுக்கி விழுறது. கான்ட்ரிபியூட்டர்னு ஒரு ரோல்: எழுதலாம், வெளியிட முடியாது. பேரைக் கேட்டு "நமக்கு இதுதான்"னு குடுத்துடுவாங்க. மறுநாளே "படம் ஏறலை"ன்னு ஃபோன் வரும். அந்த ரோலுக்குப் படம் ஏத்தற உரிமையே கிடையாது.

மாணிக்கம்: அப்ப அடுத்த படி?

கவிதா: ஆத்தர். படம் ஏத்தலாம், தன்னோட போஸ்டைத் தானே வெளியிடலாம். ஆனா நம்ம நேர அட்டவணை, தொடர்பு விவரம் எல்லாம் தேதி வாரியா வர்ற போஸ்ட் இல்ல, நிரந்தரமா நிக்கிற பேஜ். பேஜை ஆத்தர் தொட முடியாது. எடிட்டர் ஆக்கினா முகப்பு உட்பட அத்தனை பேஜையும் தொடலாம். "உன் பிரிவுப் பக்கம் மட்டும்"னு பிரிக்க வேர்ட்பிரஸ்ல ப்ளக்-இன்னு ஒரு கூடுதல் நிரல் தனியா வேணும். ஜூம்லா, துருபால்னு வேற ரெண்டு சிஎம்எஸ் இருக்கு. ஜூம்லால வகை வாரியா, துருபால்ல உள்ளடக்க வகை வாரியா உரிமை பிரிக்கிற ஏற்பாடு கூடவே வருது.

மாணிக்கம்: அப்ப துருபால்!

கவிதா: அதை அமைக்கிறதும் பராமரிக்கிறதும் யாரு? நான் ஒருத்தி. எட்டு பேருக்கு ஒரு ப்ளக்-இன் போதும்ணே.

மாணிக்கம்: சரி, நான் வேர்டுல அடிச்சு வச்சிருக்கறதை அப்படியே ஒட்டலாம்ல?

கவிதா: அங்கதான் பாதிக் குப்பை உள்ள வருது. வேர்டுல நீங்க போட்ட எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கும். பக்கத்துக்குப் பக்கம் வேற வேற எழுத்து. எழுதுற பெட்டி நல்லதா இருந்தா ஓரளவு வடிகட்டும், ஆனாலும் முழுசா நம்பாதீங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்துங்க. வெறும் எழுத்து மட்டும் வரும். தலைப்புக்கு போல்டு பண்ணாதீங்க, ஹெடிங் தேர்ந்தெடுங்க. பார்வையில்லாதவங்க, திரையை வாசிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடர் வச்சு ஹெடிங் ஹெடிங்காத்தான் தாவுவாங்க. போல்டு அதுக்குத் தலைப்பே இல்ல.

மாணிக்கம்: போன தடவை ஒட்டினப்ப தமிழே வரலையேம்மா, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்துது.

கவிதா: அது பாமினிங்கற பழைய எழுத்துருல அடிச்சது, ஆங்கில எழுத்து மேல தமிழ் உருவம் போர்த்தினது. எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் அப்படித்தான் வரும். முதல்ல எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாத்திட்டு ஒட்டணும்.

மாணிக்கம்: படத்தை மட்டும் நான் சரியா போட்டேன். பெருசா இருந்துது, மூலையைப் பிடிச்சு இழுத்துச் சின்னதாக்கிட்டேன்.

கவிதா: கண்ணுக்குத்தான் சின்னது. 4000-க்கு 3000 பிக்சல், 5 எம்பி, ஃபோன்ல எடுத்தபடியே ஏறிக்கிடக்கு. வேர்ட்பிரஸ் 2019-லேருந்து 2560 பிக்சலுக்கு மேல போனா தானாக் குறைச்சு ஒரு காப்பி வச்சுக்கும், அதனால தப்பிச்சோம். அசல் சர்வர்லயே இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஏத்தறதுக்கு முன்னாடியே 1600-க்குக் குறைச்சா போதும்.

மாணிக்கம்: (பிரிண்ட்-அவுட்டை மடித்து வைத்து) இவ்வளவு பேசியும் எது நல்லதுன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?

கவிதா: செஞ்சு பார்த்து. மூணு வேலை. நேரத்தை மாத்தணும், பழைய பிடிஎஃப்க்குப் பதிலா புதுசு வைக்கணும், முகப்புப் பக்கத்தை நேத்து இருந்த நிலைக்குத் திருப்பணும். ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம். பக்கத்துல உக்காந்து கை எங்க நிக்குதுன்னு குறிச்சுக்குவேன், வாயைத் திறக்க மாட்டேன். கெட்டிக்காரங்களை வச்சுப் பார்த்தா எல்லா சாஃப்ட்வேரும் பாஸ் ஆயிடும். எட்டாவது ஆள்தான் முதல்ல உக்காரணும்.

(மாணிக்கம் உட்காருகிறார். ஒரு விரலால் தட்டுகிறார்.)

மாணிக்கம்: பத்து மணியை ஒம்போதரை ஆக்கிட்டேன். (டேபை மூடுகிறார்.) முடிஞ்சுது. ஏம்மா, சைட்ல இன்னும் பத்துதானே இருக்கு?

(கவிதா பேசாமல் குறிப்பெழுதுகிறாள்.)

மாணிக்கம்: ஓ, சேமிக்கலையோ! மூடும்போது என்னவோ கேட்டுது, படிக்காம தள்ளிட்டேன். (மறுபடி திறந்து, சேமித்து) இப்ப வந்துடுச்சு. பிடிஎஃப்பும் வச்சாச்சு. இனி நேத்தைய நிலை... ரிவிஷன்ஸ்... ஆகா, மேல ஒரு கோடு, இழுத்தா பழசு பழசா வருது. கூடவே யார் மாத்தினது, எப்ப மாத்தினதுன்னும் காட்டுதே! இரு, அந்தச் செவப்பு எழுத்துக்காரன் இன்னிக்கு மாட்டினான்.

(இழுக்கிறார். இழுத்த கை அப்படியே நிற்கிறது. கவிதா அதையும் குறித்துக்கொள்கிறாள்.)

கவிதா: என்ன பேர் போட்டிருக்குண்ணே?

மாணிக்கம்: ...ஏம்மா, இந்த ரிவிஷனை மட்டும் அழிக்கிற பட்டன் எங்க இருக்கு?

கவிதா: அந்தப் பட்டன் இதுல அட்மினுக்கே கிடையாதுண்ணே.