பக்கவாட்டு டேப் ஆர்க் கண்டுபிடித்ததல்ல
ஆர்க் பிரவுசரைப் பற்றிய இந்தக் கட்டுரை, டேப்களைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோன முதல் பிரவுசர் அதுதான் என்று அடித்துச் சொல்கிறது. அப்படியில்லை. மேக் கணினிகளுக்கான ஆம்னிவெப் பிரவுசர் 2004ஆம் ஆண்டிலேயே டேப்களைப் பக்கவாட்டில் சிறு படங்களாக அடுக்கிக் காட்டியது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசர் 2021இல் செங்குத்து டேப் வசதியைக் கொடுத்துவிட்டது. ஆர்க் 1.0 வந்ததோ 2023 ஜூலையில். ஆனாலும் அந்தப் பக்கவாட்டு டேப் பட்டை தமிழ் வாசிப்பவர்களுக்கு எவ்வளவு தோது என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. மேலே வரிசையாக நிறைய டேப்கள் திறந்திருந்தால் "தமி…", "தமி…" என்று எல்லாம் ஒன்றுபோல வெட்டுப்பட்டு நிற்கும். பக்கவாட்டில் தலைப்பில் பாதியாவது படிக்கக் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் ஆர்க்கின் துணிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. பின் (pin) செய்யாத, அதாவது நிலையாகக் குத்தி வைக்காத டேப்பை, நாம் அமைப்பை மாற்றாதவரை, 12 மணி நேரத்தில் அதுவாகவே எடுத்துக் காப்பகத்தில் போட்டுவிடும். மேலே கருத்திட்ட ஒரு நண்பர் இதை அராஜகம் என்கிறார். அழித்துவிடுவதில்லை ஐயா, தேடினால் கிடைக்கும். கெடுவை 30 நாள் வரை நீட்டிக்கொள்ளவும் வழியிருக்கிறது. அடிக்கடி வேண்டிய பக்கத்தைப் பட்டையிலுள்ள கோட்டுக்கு மேலே இழுத்து பின் செய்துவிட்டால் அங்கேயே இருக்கும், புக்மார்க் என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம். முகவரிப் பெட்டியில் தளத்தின் பெயர் மட்டும் தெரிவதுதான் எனக்கு ஒட்டவில்லை. வங்கித் தளங்களில் முழு முகவரியையும் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே கடவுச்சொல்லைத் தட்டுகிற ஆள் நான்.