பாமினியில் ரைப் பண்ணி அனுப்புகிற ஆக்களுக்கு

கோயில் கொடியேற்ற நோட்டீஸ், விளையாட்டுக் கழக அழைப்பிதழ், டியூட்டரி நோட்ஸ், மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தில் இதில் எதை ஆர் அனுப்பினாலும் பெரும்பாலும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் பைலாகத்தான் வருகிறது. கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை என்று பேர் எடுத்துவிட்டால் போச்சு. "தம்பி, இதைப் பேஸ்புக்கில போட்டுவிடு, ரெண்டு நிமிச வேலை" என்று தலையில் கட்டிவிடுவார்கள். போனில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தைக் காணோம். 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஒரு அரைப்புள்ளி நிற்கும். ரெண்டு நிமிசமாம்!

பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் இருக்கின்றன. ஜே-யின் இடத்தில் த, கே-யின் இடத்தில் ம. பைலுக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துத்தான். பாமினி உள்ள கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். ஒரு காலத்தில் வேறு வழி இருக்கவில்லை, அதை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் கணினியிலும் போனிலும் எழுத்து எழுத்தாகவே தெரியவைக்கிற பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் தமிழ் 1991 இலேயே சேர்ந்துவிட்டது. விண்டோஸ் 2000 இலேயே லதா எழுத்துரு கூட வந்துவிட்டது. இன்னும் என்ன சாட்டு?

உயர்தரப் பரீட்சைக்கான ஏஎல் நோட்ஸைப் பாருங்கள். பீடிஎப் ஆக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள். 'ஒளித்தொகுப்பு' எந்தப் பக்கத்தில் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, ஏனென்றால் உள்ளே அப்படியொரு சொல்லே இல்லை. சோதனைக்கு முதல் நாள் பிள்ளை பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பார்வையற்ற பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிற திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளை அப்படியே உளறும். கஷ்டப்பட்டு எழுதின நோட்ஸ் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரியும் உதவாது.

"பாமினியை யூனிகோட்டுக்கு மாத்துற கொன்வேர்ட்டர் இணையத்தில இருக்குத்தானே" என்பார்கள். இருக்கு. அது செய்கிற கூத்தையும் பாருங்கள். பாமினியில் கொமா விசை 'இ'. உண்மையான கொமா வேண்டுமென்றால் பெரிதுக் குறியை (>) அடிக்க வேண்டும். அது தெரியாதவர்கள் கொமாவுக்கு மட்டும் எழுத்துருவை ரைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றி அடித்துவிடுவார்கள். கொன்வேர்ட்டருக்கு எழுத்துரு தெரியாது, எல்லாக் கொமாவையும் இ ஆக்கிவிடும். "அரிசிஇ பருப்புஇ சீனி" என்று இணையத்தில் பார்த்திருப்பீர்கள், அது இப்படி வந்ததுதான். இடையில் இருக்கிற ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் வாயில் நுழையாத தமிழாகிவிடும்.

மாற்றியே ஆகவேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். வேர்டில் கொன்ட்ரோல் எச் அழுத்தி, தேடும் பெட்டியில் கொமாவைப் போட்டு, ஃபோர்மட்டில் எழுத்துருவை ரைம்ஸ் நியூ ரோமன் என்று கொடுத்து, அதற்குப் பதிலாக 98989 போன்ற ஒரு இலக்கத்தை இடுங்கள். டொலர், வீதக் குறிகளைப் போடவேண்டாம், பாமினியில் அவை கூ, மூ. இலக்கங்கள் மட்டும் மாறாமல் வரும். ஆங்கிலப் பகுதிகளை வெட்டி வேறாக வைத்துவிட்டு மிச்சத்தை மாற்றுங்கள். கடைசியில் 98989 ஐத் திரும்பக் கொமாவாக்குங்கள். ஒரு பக்க நோட்டீசுக்கே இவ்வளவு கரைச்சல்!

அடுத்த சாட்டு, "போட்டோஷொப்பில யூனிகோட் உடையுது". பழைய பதிப்புகளில் உடையும், செட்டிங்கை மாற்றாவிட்டால். கொடியேற்றத்தின் கொம்பு இடம்மாறி நிற்கும். 2022 க்கு முந்தின பதிப்பென்றால் பிரிஃபரன்சஸ் போய் டைப் பகுதியில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தெரிவு செய்யுங்கள். அதைவிடப் பழைய பதிப்பென்றால் மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏசியன் என்று இருக்கும். ஏற்கெனவே உள்ள எழுத்து லேயர்களுக்குப் பாரகிராப் பனல் மெனுவிலும் அதையே கொடுக்க வேண்டும். இன்டிசைனில் அதே மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாரகிராப் கொம்போசர். இவ்வளவுதான் விசயம். இதற்காக வருசக்கணக்காக ஒரு ஊரே பாமினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறது.

வடிவான எழுத்துரு இல்லையாம். கூகிள் ஃபொன்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர், பலூ தம்பி, மீரா இனிமை எல்லாம் இலவசமாகக் கிடக்கின்றன. ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

விரல் பழகிவிட்டது என்கிறவர்களின் கஷ்டம் மட்டும் நியாயமானது. இருபது வருசம் அடித்த கையைத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்று என்று சொல்வது லேசில்லை. மாற்றவும் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசைப்பலகை இருக்கிறது, இரண்டும் இலவசம். அதே விரல், அதே விசை, வெளியில் வருவது யூனிகோட். அச்சகம் பாமினிதான் வேண்டும் என்று நின்றால், யூனிகோட் மூலத்தை வைத்துக்கொண்டு அவர்களுக்கு ஒரு பிரதியை மட்டும் பாமினிக்கு மாற்றிக் கொடுங்கள். மற்ற எல்லாருக்கும் மூலத்தை அனுப்புங்கள்.